பெயரைச் சொன்னால் கணினி கிடைக்க வேண்டும்: சிறு அலுவலக நெட்வொர்க்குக்கு ஒரு வழிகாட்டி

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனம். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் நிறுத்திய மின்சாரம் மாலையில் திரும்ப வருகிறது. இடையில் ஜெனரேட்டர் ஓடியிருக்கும். ரூட்டர் சில முறை அணைந்து எரிந்திருக்கும். மறுநாள் காலையில் பேக்கிங் பிரிவில் பார்கோடு ஸ்டிக்கர் அடிக்க முடியவில்லை. கணக்குப் பிரிவில் டேலி திறக்கவில்லை. இன்டர்நெட் மட்டும் எந்தக் குறையும் இல்லாமல் ஓடுகிறது. சர்வரின் ஐபி முகவரி மாறிவிட்டதைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு கணினியிலும் புதிய முகவரியைத் தட்டிவிட்டுப் போகிறார் பழுது பார்க்க வந்தவர். அடுத்த மின்தடை வரை வேலை ஓடும்.

கோவை கணபதியின் வார்ப்படக் கூடங்களிலும், கரூரின் வீட்டு ஜவுளி அலுவலகங்களிலும், ஈரோட்டுத் துணிக் கிடங்குகளிலும் இதே தொல்லை உண்டு. நிரந்தரமாகத் தீர்க்கப் பெரிய செலவு தேவையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையும் கொஞ்சம் பொறுமையும் போதும். நிறுவனத்தின் இடிபி என்ற கணினிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்களையும், வேறு ஆள் இல்லாததால் கணினிப் பொறுப்பும் தலையில் விழுந்த கணக்காளர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. நெட்வொர்க்கில் கணினிகள் ஒன்றையொன்று எண் முகவரியால்தான் அடைகின்றன. 192.168.1.20 என்பது அப்படி ஒரு முகவரி. இதைத்தான் ஐபி முகவரி என்கிறோம். மனிதர்களுக்கு எண் மனத்தில் நிற்காது, பெயர் நிற்கும். கொங்கு நாட்டுக் கிராமங்களில் தோட்டத்துச் சாளைக்கு வழி கேட்டால் யாரும் புல எண் சொல்ல மாட்டார்கள். தோட்டத்தின் பெயரைத்தான் சொல்வார்கள். புல எண் பாகப்பிரிவினையில் உட்பிரிவாகி மாறும், பெயர் தலைமுறைகளுக்கும் நிற்கும். இரண்டையும் பொருத்திப் பார்க்கக் கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு பதிவேடு இருக்கும். நெட்வொர்க்கிலும் அப்படிப்பட்ட பதிவேடு ஒன்று வேண்டும். அது எங்கே இருக்கிறது, யார் அதைப் பார்த்துப் பதில் சொல்கிறார்கள் என்பது தெரிந்துவிட்டால் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

பெயரைத் தட்டியதும் கணினி யாரிடம் கேட்கிறது?

விண்டோஸ் கணினியில் ஒரு பெயரைத் தட்டினால் தேடல் ஒரு வரிசைப்படி நடக்கிறது. அந்தப் பெயர் தன்னுடையதுதானா என்று முதலில் பார்க்கும். பிறகு தன்னிடமே உள்ள ஹோஸ்ட்ஸ் என்ற சிறு கோப்பையும், சற்று முன் கேட்டு நினைவில் வைத்திருக்கும் பதில்களையும் பார்க்கும். அங்கே இல்லை என்றால் தனக்குச் சொல்லப்பட்டிருக்கும் டிஎன்எஸ் சர்வரிடம், அதாவது பெயருக்கு உரிய முகவரியைச் சொல்லும் சர்வரிடம், கேட்கும். அதுவும் கைவிரித்தால், அதே லேனில், அதாவது அலுவலகத்தின் உள் நெட்வொர்க்கில், இருக்கும் எல்லாக் கருவிகளையும் நோக்கி "இந்தப் பெயர் யாருடையது?" என்று குரல் கொடுக்கும். பழைய நெட்பயாஸ், அதற்குப் பின் வந்த எல்எல்எம்என்ஆர், ஆப்பிள் கருவிகளும் புதிய பிரிண்டர்களும் பயன்படுத்தும் எம்டிஎன்எஸ் எல்லாம் இந்தக் குரல் கொடுக்கும் வகையைச் சேர்ந்தவை.

எதையுமே அமைக்காத அலுவலகத்திலும் பெயரைத் தட்டினால் சில நாள்களில் சர்வர் திறப்பது இந்தக் கடைசி வழியால்தான். ஆனால் அதை நம்பித் தொழில் நடத்த முடியாது. சத்தம் ஒரு லேனைத் தாண்டாது. கருவி தூங்கிக்கொண்டிருந்தால் பதில் வராது. எல்லாவற்றையும்விடக் கவலைக்குரியது, கேட்ட குரலுக்கு யார் வேண்டுமானாலும் "நான்தான்" என்று பதில் சொல்லலாம். லேனுக்குள் புகுந்த ஒரு கெட்ட மென்பொருள் சர்வரின் பெயரில் பதில் சொல்லிக் கடவுச்சொல் விவரங்களைக் கவர முடியும். ஆகவே பெயருக்குப் பதில் சொல்லும் பொறுப்பை நீங்கள் அறிந்த ஒரே இடத்திடம் ஒப்படைக்க வேண்டும். இனி வரும் படிகள் எல்லாம் இதற்காகத்தான்.

முதல் படி: கணக்கெடுப்பு

ஒரு தாளை எடுத்துக்கொண்டு பிரிவு பிரிவாக நடங்கள். ஒவ்வொரு விண்டோஸ் கணினியிலும் கட்டளைகளைத் தட்டும் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, ஐபிகான்ஃபிக் கட்டளைக்குப் பின் ஓர் இடைவெளியும் சாய்கோடும் போட்டு "ஆல்" என்ற சேர்க்கையோடு கொடுங்கள். நீளமான விவரம் திரையில் வரும். அதில் உங்களுக்குத் தேவையானவை ஐந்து: கணினியின் தற்போதைய பெயர், ஐபி முகவரி, பிசிக்கல் அட்ரஸ் என்று வரும் மேக் முகவரி (கருவியோடு வரும் அடையாள எண்), ஐபி முகவரி வழங்கும் டிஹெச்சிபி சர்வர், டிஎன்எஸ் சர்வர். பார்கோடு பிரிண்டர், கைரேகை வருகைப் பதிவுக் கருவி, கேமரா பதிவுப் பெட்டி ஆகியவற்றின் மேக் முகவரி பெரும்பாலும் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும்; அவற்றின் மெனுவிலும் கிடைக்கும்.

இங்கே ஒன்றைக் கூர்ந்து பாருங்கள். எல்லாக் கணினிகளிலும் டிஹெச்சிபி சர்வரின் முகவரி ஒன்றாகவே இருக்கிறதா? இல்லையென்றால் நெட்வொர்க்கில் முகவரி வழங்குபவர் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று பொருள். நம் ஊர்ப் பனியன் நிறுவனங்களில் இது அடிக்கடி நடக்கிறது. செக்கிங் பிரிவில் செல்போனுக்கு வைஃபை எட்டவில்லை என்று யாராவது ஒரு ரூட்டர் வாங்கி வந்து, சுவரிலிருந்து வரும் லேன் வயரை அதன் லேன் துளையில் செருகிவிடுவார்கள். அந்த நிமிடத்திலிருந்து அதுவும் முகவரி கொடுக்கத் தொடங்கும். பாதிக் கணினிகள் ஒருவரிடமும் மீதி மற்றவரிடமும் முகவரி வாங்கும். அதே வயரை, இன்டர்நெட் வயருக்கான வேன் துளையில் செருகியிருந்தால் வேறு விதத் தொல்லை: அந்த ரூட்டருக்குப் பின்னால் இருப்பவர்கள் தனி நெட்வொர்க்காகப் பிரிந்துவிடுவதால் அவர்களின் பெயர்கள் இந்தப் பக்கம் தெரியாது. அந்த ரூட்டரை, வைஃபையை மட்டும் பரப்பும் ஆக்சஸ் பாயிண்ட் முறைக்கு மாற்றுங்கள். அந்த வசதி இல்லாவிட்டால் அதில் டிஹெச்சிபியை அணைத்து, யாருக்கும் கொடுக்காத ஒரு முகவரியை அதற்கு வைத்து, வயரை லேன் துளையிலேயே செருகுங்கள். இதைச் சரிசெய்யாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம். கீழே சொல்பவை எதுவும் நிலைக்காது.

ஏதாவது ஒரு கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால், அதற்கு முகவரி கொடுக்க யாருமே கிடைக்கவில்லை என்று அர்த்தம். வயரையும், வயர்கள் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்சையும் பாருங்கள்.

இரண்டாம் படி: பெயர் வைப்பது

கணினிக்கு ஆளின் பெயரை வைக்காதீர்கள். மெர்ச்சண்டைசர் வேறு நிறுவனத்துக்குப் போனபின்பும் அவர் பெயரிலேயே கணினி இருந்துகொண்டிருக்கும், புதிதாக வருபவருக்கு ஒன்றும் புரியாது. செய்யும் வேலையை வைத்துப் பெயரிடுங்கள்: டேலிசர்வர், பேக்கிங்-பார்கோடு, கட்டிங்-1, ஸ்டோர்-1, கேட்-கேமரா. இவற்றை ஆங்கில எழுத்திலேயே தட்ட வேண்டும். எழுத்து, எண், இடைக்கோடு ஆகிய மூன்று மட்டுமே இருக்கட்டும். இடைவெளி கூடாது. அடிக்கோட்டைச் சில மென்பொருள்கள் ஏற்கும், சில ஏற்காது, ஆகவே அதையும் தவிர்ப்பதே நல்லது. நெட்பயாஸ் முறை 15 எழுத்துகளுக்கு மேல் ஏற்காது. உங்கள் பெயர்களை அதற்குள் அடக்கிவிட்டால் பழைய கருவிகளும் முரண்டு பிடிக்காது.

மூன்றாம் படி: முகவரியை நிலைநிறுத்துவது

பெயரை எந்த முகவரியோடு பொருத்தினாலும் அந்த முகவரி தன் இஷ்டத்துக்கு மாறக் கூடாது. டிஹெச்சிபி என்பது முகவரியைக் குறிப்பிட்ட காலத்துக்கு வாடகைக்கு விடும் முறை. யாருக்கு எது கொடுத்தோம் என்ற பட்டியலைச் சில சிறிய ரூட்டர்கள் தற்காலிக நினைவில் மட்டுமே வைத்திருக்கின்றன. மின்சாரம் போனால் பட்டியலும் போய்விடும். நேற்று சர்வரிடம் இருந்த முகவரி, இன்று முதலில் எழுந்து கேட்ட வேறொரு கணினிக்குப் போய்விடலாம். ரூட்டருக்கும் ஸ்விட்சுக்கும் ஒரு சிறிய யுபிஎஸ் வைப்பது நல்லது. ஆனால் அது மட்டும் போதாது.

ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தில் அட்ரஸ் ரிசர்வேஷன், ஸ்டேட்டிக் லீஸ் போன்ற பெயர்களில் ஒரு பகுதி இருக்கும். அங்கே மேக் முகவரியைக் கொடுத்து, அதற்கு எப்போதும் இந்த ஐபி முகவரியைத்தான் கொடுக்க வேண்டும் என்று எழுதிவிடலாம். எல்லாவற்றுக்கும் இப்படிச் செய்ய வேண்டியதில்லை. பிறர் தேடி வரும் கருவிகளுக்குச் செய்தால் போதும்: சர்வர், பிரிண்டர்கள், வருகைப் பதிவுக் கருவி, கேமரா பெட்டி, துணி வெட்டுவதற்கான மார்க்கர் வரைபடத்தை அடிக்கும் பிளாட்டர். சர்வருக்கு 192.168.1.20, பார்கோடு பிரிண்டருக்கு 192.168.1.31 என்று ஒதுக்கிவிட்டு, மற்றவர்களுக்கு 100 முதல் 200 வரை பொதுவாக விட்டுவிடுங்கள். சில ரூட்டர்கள் ஒதுக்கும் முகவரியும் அந்தப் பொது எல்லைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும். அப்படியானால் எல்லையை 20 முதல் 200 வரை விரித்துக்கொள்ளுங்கள்.

கருவியிலேயே முகவரியைக் கையால் எழுதி வைக்கும் பழைய வழக்கமும் உண்டு. அதில் ஒரு ஆபத்து இருக்கிறது. பிரிண்டரில் 192.168.1.105 என்று எழுதிவிட்டு ரூட்டரிடம் சொல்லாமல் விட்டால், ரூட்டர் அதே முகவரியை ஒரு செல்போனுக்கும் கொடுக்கக் கூடும். பிறகு அந்தச் செல்போன்காரர் அலுவலகத்தில் இருக்கும்போது மட்டும் பிரிண்டர் வேலை செய்யாது. இந்த வகைப் பழுதைக் கண்டுபிடிப்பது பெரும் பாடு. ஒதுக்கீட்டை ரூட்டரிலேயே வைத்துக்கொண்டால் எல்லாம் ஒரே பக்கத்தில் தெரியும்.

வைஃபையில் இணையும் கருவிக்கு ஒதுக்குவதாக இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். ஆண்ட்ராய்டு 10 முதல் செல்போன்களும் டேப்லெட்களும் தங்கள் உண்மையான மேக் முகவரிக்குப் பதிலாக, ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் முகவரியைக் காட்டுகின்றன. தனிமனித ரகசியத்துக்கு நல்ல ஏற்பாடுதான். ஆனால் பவர் டேபிள் என்ற தையல் பிரிவில் உற்பத்திக் கணக்கு ஏற்றும் டேப்லெட்டுக்கு முகவரி ஒதுக்கும்போது, அந்த வைஃபையின் அமைப்பில் கருவியின் உண்மை மேக் முகவரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரண்டு இடங்களில் இயங்கும் நிறுவனமாக இருந்தால், உதாரணமாக அலுவலகம் அவிநாசி சாலையிலும் பிரிண்டிங் பெருந்துறை சிப்காட்டிலும் என்றால், இரண்டு இடத்திலும் 192.168.1 என்ற ஒரே தொடரை வைக்காதீர்கள். ஓரிடத்தில் 192.168.20, மற்றதில் 192.168.30 என்று இப்போதே பிரித்துவிடுங்கள். நாளைக்கு இரண்டையும் இன்டர்நெட் வழியே விபிஎன் என்ற தனி இணைப்பு மூலம் இணைக்கும்போது ஒரே முகவரி இரண்டு ஊரிலும் இருந்தால் எந்தப் பெயர் வசதியும் உங்களைக் காப்பாற்றாது.

நான்காம் படி: பதிவேட்டை எங்கே வைப்பது?

கணினிகள் நான்கைந்துதான் என்றால் ஹோஸ்ட்ஸ் கோப்பே போதும். விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32, அதற்குள் டிரைவர்ஸ், அதற்குள் ஈடிசி என்று போனால் ஹோஸ்ட்ஸ் என்ற கோப்பு இருக்கும். லினக்ஸில் ஈடிசி கோப்புறையிலேயே இருக்கும்.

நோட்பேடை வலது கிளிக் செய்து, நிர்வாகியாக இயக்கும் தேர்வைக் கொடுத்துத் திறங்கள். இல்லாவிட்டால் கடைசியில் சேமிக்க விடாது. ஃபைல் மெனுவில் ஓப்பன் கொடுத்து, கீழே எல்லாக் கோப்புகளையும் காட்டு என்று மாற்றினால்தான் ஹோஸ்ட்ஸ் கண்ணில் படும். கடைசி வரிக்குக் கீழே புதிய வரியில் முதலில் 192.168.1.20, ஓர் இடைவெளி, பிறகு டேலிசர்வர் என்ற பெயர். முகவரி முன்னால், பெயர் பின்னால். இதைத் தலைகீழாக எழுதுபவர்கள் நிறையப் பேர். ஒரே முகவரிக்கு இன்னொரு பெயரும் வேண்டுமானால் அதே வரியில் இடைவெளி விட்டு எழுதலாம். ஹாஷ் குறியோடு தொடங்கும் வரியைக் கணினி படிக்காது. அது உங்கள் குறிப்புக்கு. இணையதள முகவரியில் வரும் ஹெச்டிடிபி, சாய்கோடு, போர்ட் எண் எதுவும் இங்கே வரக் கூடாது.

சேமித்தபின் கோப்புறையைத் திறந்து பெயரைச் சரிபாருங்கள். நோட்பேட் சில நேரம் பின்னால் டிஎக்ஸ்டி என்ற ஒட்டைச் சேர்த்து வேறு கோப்பாகச் சேமித்துவிடும். விண்டோஸ் அந்த ஒட்டைக் காட்டாமல் மறைப்பதால் பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும், பெயர் மட்டும் வேலை செய்யாது. வியூ பகுதியில் கோப்பு ஒட்டுகளைக் காட்டச் சொல்லிவிட்டுப் பாருங்கள். சில ஆன்டிவைரஸ் மென்பொருள்கள் இந்தக் கோப்பைத் தொடவே விடாது. அது நல்ல காரணத்துக்காகத்தான். திருட்டு மென்பொருளோடு வரும் நச்சு நிரல்கள் இதே கோப்பில் வங்கியின் பெயருக்கு எதிராகப் பொய் முகவரியை எழுதிவிட முடியும். ஏற்றுமதிப் பணம் வந்து போகும் கணினியில் அவ்வப்போது இந்தக் கோப்பைத் திறந்து, நீங்கள் எழுதாத வரி ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம்.

இந்த முறையின் குறை, ஒரு முகவரி மாறினால் எல்லாக் கணினிக்கும் நடக்க வேண்டும் என்பது. உலகமே ஒரு காலத்தில் இந்தக் குறையோடுதான் இருந்தது. இன்டர்நெட்டுக்கு முன்னோடியான ஆர்பாநெட்டில், எல்லாக் கணினிகளின் பெயரும் முகவரியும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்தில் ஒரே கோப்பாகப் பராமரிக்கப்பட்டன. எலிசபெத் ஃபைன்லரின் குழு அதைத் திருத்தி வைக்கும். மற்ற இடங்களில் இருப்பவர்கள் அவ்வப்போது பிரதி எடுத்துக்கொள்வார்கள். கணினிகள் பெருகியதும் அது தாங்கவில்லை. 1983இல் பால் மொகாபெட்ரிஸ் டிஎன்எஸ் முறையை வடிவமைத்தார். 1987இல் வெளியான அதன் திருத்திய வரையறைதான் இன்றைக்கும் அடித்தளம். உங்கள் அலுவலகமும் வளரும்போது அதே மாற்றத்தைச் செய்ய வேண்டியிருக்கும்.

வளர்ந்த அலுவலகத்துக்கு: சொந்த டிஎன்எஸ்

கணினிகள் பத்தைத் தாண்டினால் ஹோஸ்ட்ஸ் கோப்பைக் கைவிடுங்கள். முதலில் உங்கள் ரூட்டரிலேயே லோக்கல் டிஎன்எஸ், டிஎன்எஸ் ரெக்கார்ட் என்பது போன்ற பகுதி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் பெயரையும் முகவரியையும் அங்கேயே எழுதிவிடலாம். இல்லையென்றால் மூலையில் கிடக்கும் ஒரு பழைய கணினியோ, ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியோ போதும். அதில் லினக்ஸைப் போட்டு, டிஎன்எஸ்மாஸ்க் என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். சைமன் கெல்லி எழுதிய இந்த மென்பொருளைத்தான் பல ரூட்டர்களும் உள்ளே வைத்து ஓட்டுகின்றன. சின்ன அலுவலகத்துக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியாது. பெரிய டிஎன்எஸ் மென்பொருள்களை அமைக்கத் தனிப் படிப்பு வேண்டும். இதற்கு நீங்கள் ஏற்கெனவே கற்றுக்கொண்ட ஹோஸ்ட்ஸ் கோப்பு போதும். தான் ஓடும் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பைப் படித்து, அலுவலகம் முழுவதற்கும் அதுவே பதில் சொல்லும்.

இந்தக் கணினிக்கும் ஒரு முகவரியை ஒதுக்குங்கள், 192.168.1.5 என்று வைத்துக்கொள்வோம். அதன் ஹோஸ்ட்ஸ் கோப்பில் எல்லா வரிகளையும் எழுதுங்கள். டிஎன்எஸ்மாஸ்க் அமைப்புக் கோப்பில் சில வரிகள் போதும்: புள்ளியில்லாத வெறும் பெயர்களை வெளியே கேட்காமல் தடுக்கும் டொமைன்-நீடட், உள் முகவரிகளைப் பற்றி வெளியே விசாரிக்காமல் தடுக்கும் போகஸ்-பிரிவ், வெளிப் பெயர்களை யாரிடம் கேட்பது என்று சொல்லும் சர்வர் வரி. ஹோஸ்ட்ஸ் கோப்பை மாற்றிய பிறகு டிஎன்எஸ்மாஸ்க்கை ஒரு முறை நிறுத்தித் தொடங்குங்கள். உபுண்டு என்ற லினக்ஸ் வகையைப் போட்டிருந்தால், அதன் சொந்தப் பெயர்ச் சேவை, டிஎன்எஸ் கேள்விகள் வந்து சேரும் வாசலான 53ஆம் போர்ட்டை ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருக்கும். டிஎன்எஸ்மாஸ்க் எழ மறுத்தால் காரணம் பெரும்பாலும் அதுவாக இருக்கும்.

கடைசியாக ரூட்டருக்குப் போய், டிஹெச்சிபி பக்கத்தில் டிஎன்எஸ் சர்வர் என்ற இடத்தில் 192.168.1.5 என்று எழுதுங்கள். இனி ஒவ்வொரு கணினியும் முகவரி வாங்கும்போதே, பெயர் கேட்க வேண்டிய இடத்தையும் தெரிந்துகொள்ளும்.

அந்தப் பக்கத்தில் இரண்டாவது டிஎன்எஸ் என்று இன்னொரு பெட்டி இருக்கும். கை சும்மா இராமல் அங்கே வெளியுலகப் பொது டிஎன்எஸ் சர்வர்களின் முகவரியான 8.8.8.8 என்றோ 1.1.1.1 என்றோ எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். முதலாவது செத்தால்தான் இரண்டாவதிடம் போகும் என்பது பொதுவான நம்பிக்கை. உண்மையில் கணினிகள் தங்களுக்கு வசதிப்பட்டபோது இரண்டாவதிடமும் கேட்கும். வெளியுலக சர்வருக்கு உங்கள் டேலிசர்வரைத் தெரியாது. அப்படி ஒரு பெயரே இல்லை என்று அது உறுதியாகப் பதில் சொல்லும், கணினியும் அதை நம்பிவிடும். காலையில் திறந்த டேலி மதியம் திறக்கவில்லை, மாலையில் தானாகச் சரியானது என்கிற பழுதுகளுக்குப் பின்னால் பல இடங்களில் இந்தப் பெட்டிதான் இருக்கும். துணைக்கு ஒன்று வேண்டுமென்றால், அதே பெயர்களை அறிந்த இன்னொரு டிஎன்எஸ்மாஸ்க்கை வேறு ஒரு கணினியில் வையுங்கள்.

பெயருக்குப் பின்னால் ஒரு குடும்பப் பெயர் சேர்ப்பது நல்லது. உங்கள் நிறுவனத்துக்கு ஏற்கெனவே இணையதளப் பெயர் இருந்தால், அதற்கு முன்னால் ஆபீஸ் என்று ஒரு கிளையைச் சேர்த்துக்கொண்டு உள் கணினிகளை அதற்குக் கீழே வைக்கலாம். அது இல்லாதவர்கள் இன்டர்னல் என்ற முடிவைப் பயன்படுத்தலாம். உள் நெட்வொர்க்குகளுக்காகவே 2024இல் அதை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். லோக்கல் என்ற முடிவு மட்டும் வேண்டாம். அது எம்டிஎன்எஸ் முறைக்கு உரியது. அதை வைத்தால் ஆப்பிள் கணினிகள் உங்கள் டிஎன்எஸ் சர்வரிடம் கேட்காமல் லேனில் குரல் கொடுக்கத் தொடங்கிவிடும்.

இப்போது எங்கெல்லாம் எண் எழுதியிருக்கிறதோ அங்கெல்லாம் பெயரை எழுதுங்கள். டேலி தரவு இருக்கும் பகிர்வுக் கோப்புறையின் பாதையில் எண்ணுக்குப் பதில் சர்வரின் பெயர். பார்கோடு பிரிண்டருக்கு விண்டோஸில் டிசிபி/ஐபி போர்ட் உருவாக்கும்போது அதே பெட்டியில் பெயரையும் தரலாம். பழைய வருகைப் பதிவுக் கருவிகள் சில எண்ணை மட்டுமே ஏற்கும். அதற்குத்தான் ஒதுக்கீடு செய்து வைத்திருக்கிறோம்.

வெளிப் பெயர்கள்

வெளிநாட்டு வாடிக்கையாளரின் இணையதளத்தைத் திறக்கும்போது உங்கள் கேள்வி இதே வழியில் தொடங்கி வெளியே போகிறது. பதில் தேடும் சர்வர், பெயரை வலப் பக்கத்திலிருந்து படிக்கும். இந்தத் தேடலின் உச்சியில், 13 பெயர்களில் இயங்கும் வேர் சர்வர்களில் ஒன்று, பெயரின் கடைசிப் பகுதிக்குப் பொறுப்பானவர் யார் என்று சொல்லும். இன் என்று முடிந்தால் இந்தியாவின் நிக்ஸி அமைப்பு நிர்வகிக்கும் பதிவகம். அங்கிருந்து அந்த நிறுவனத்தின் சொந்த சர்வர். ஒவ்வொரு பதிலோடும் அதை எத்தனை நொடி நினைவில் வைத்திருக்கலாம் என்ற கெடுவும் வரும். இந்தக் கெடுவை டிடிஎல் என்பார்கள். 86400 என்றால் ஒரு நாள். உங்கள் நிறுவனத்தின் இணையதளத்தையோ மின்னஞ்சலையோ வேறு சர்வருக்கு மாற்றப் போகிறீர்கள் என்றால், ஓரிரு நாள் முன்பே இந்தக் கெடுவை 300 நொடியாகக் குறைத்துவிடுங்கள். மாற்றிய ஐந்து நிமிடத்தில் உலகில் பெரும்பாலானவர்களுக்குப் புதிய முகவரி தெரிந்துவிடும். குறைக்காமல் மாற்றினால் வாடிக்கையாளரின் ஆர்டர் மின்னஞ்சல் ஒரு நாள் முழுக்கப் பழைய சர்வரில் போய் விழலாம்.

பெயர் கிடைக்காவிட்டால்

பழுது வந்ததும் ரூட்டரை அணைத்துப் போடுவதற்கு முன், யார் பதில் சொன்னார்கள் என்று பாருங்கள். கமாண்ட் பிராம்ப்டில் பிங் கட்டளையோடு பெயரைக் கொடுங்கள். பெயருக்கு எதிரே எந்த முகவரி வருகிறது? அது தாளில் உள்ள முகவரிதானா? சரியான முகவரி வந்தும் பதில் இல்லை என்றால் பெயரில் குற்றமில்லை. வயர், ஃபயர்வால், அல்லது அந்தக் கருவி அணைந்திருப்பது. பெயரால் கிடைக்காமல் எண்ணால் கிடைத்தால் பழுது பதிவேட்டில்.

அடுத்து என்எஸ்லுக்கப் கட்டளையோடு அதே பெயரைக் கொடுங்கள். எந்த சர்வரிடம் கேட்டது என்பது முதல் வரிகளிலேயே தெரியும். அங்கே 192.168.1.5 வராமல் வேறு எண் வந்தால், யாரோ அந்தக் கணினியில் டிஎன்எஸ்ஸைக் கையால் மாற்றியிருக்கிறார்கள், அல்லது இரண்டாவது ரூட்டர் எங்கோ முளைத்திருக்கிறது. என்எஸ்லுக்கப் ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்க்காது, பிங் பார்க்கும். இரண்டும் வெவ்வேறு முகவரி சொன்னால், மறந்துபோன பழைய ஹோஸ்ட்ஸ் வரி ஒன்று அந்தக் கணினியில் ஒளிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

முகவரியை மாற்றியபின் ஒரு கணினி மட்டும் பழையதையே பிடித்துக்கொண்டிருந்தால், ஐபிகான்ஃபிக் கட்டளையை ஃப்ளஷ்டிஎன்எஸ் என்ற சேர்க்கையோடு கொடுத்து அதன் நினைவைத் துடைத்துவிடுங்கள்.

பிங்கில் எல்லாம் சரியாக இருந்தும் பிரவுசரில் மட்டும் திறக்கவில்லை என்றால் இரண்டு காரணங்கள் உண்டு. ஒற்றைச் சொல்லைத் தட்டினால் பிரவுசர் அதைத் தேடுபொறிக்கு அனுப்பிவிடும். சொல்லின் இறுதியில் ஒரு சாய்கோடு போட்டால் முகவரி என்று புரிந்துகொள்ளும். மற்றொன்று, குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் உள்ள பாதுகாப்பான டிஎன்எஸ் வசதி. அது இயங்கினால் பிரவுசர் உங்கள் சர்வரைத் தாண்டி நேரடியாக வெளியே கேட்கும். அலுவலகக் கணினிகளில் உள் பெயர்கள் பிரவுசரில் திறக்க வேண்டுமானால் அதை அணைத்துவைக்க வேண்டியிருக்கும்.

எல்லாம் ஓடத் தொடங்கியபின் ரூட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லைப் பெட்டியில் வந்ததிலிருந்து மாற்றுங்கள். ரூட்டருக்குள் புகுந்தவர் டிஎன்எஸ் முகவரியை மாற்றினால் அலுவலகம் முழுவதும் அவர் சொல்லும் இடத்துக்குத்தான் போகும். ரூட்டர் அமைப்பின் நகலை ஒரு பென் டிரைவில் எடுத்து, முதல் படியில் எழுதிய தாளைப் புதிய பெயர்களோடு திருத்தி, ஹோஸ்ட்ஸ் கோப்பின் நகலையும் சேர்த்துக் கணக்குப் பிரிவின் பூட்டிய அலமாரியில் வைத்துவிடுங்கள். நாளை சர்வரை மாற்றும்போது டிஎன்எஸ்மாஸ்க் கணினியில் ஒரு வரியையும் ரூட்டரில் ஒரு மேக் முகவரியையும் மாற்றினால் போதும். பேக்கிங் பிரிவுக்கு நடக்க வேண்டியதில்லை.